சிவப்பு அட்டை மாட்டிய வீடு

கொரோனா என் மனைவியின் செருப்பில் ஏறித்தான் எங்கள் வீட்டுக்குள் வரும் என்று நான் முழுமனதாக நம்பினேன்.

மூக்கு, வாய், காற்று என்று தொலைக்காட்சியில் யார் யாரோ சொன்னார்கள். எனக்கு அதில் பிடிப்பு வரவில்லை. காற்றை யார் கண்டது? செருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைப் பார்த்துப் பயப்படுவதுதான் எனக்கு வசதி.

ஆகவே அவள் வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு நாளும் வாசலிலேயே செருப்பைப் பறிமுதல் செய்து மருந்துத் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டேன். நாலாவது நாள் அடி தனியாக, வார் தனியாக மிதந்தன.

“செருப்பு செத்துப்போச்சு. கொரோனா செத்துச்சா?” என்று கேட்டாள்.

அவள் பேட்டி எழுதும் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போனேன். சூட்டில் கிருமி சாகட்டும் என்று பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் ஒருவர் சொன்ன தண்ணீர்ப் பிரச்சினை முழுவதும் மை உருகி அடுத்த பக்கத்து ரேஷன் பிரச்சினையோடு கலந்துவிட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் டிபன் பாக்ஸ் கன்வேயர் பெல்ட்டில் ஏறி ஊர் சுற்றிய கதையை எழுதியிருந்தேன். ‘இவ்வளவு பயந்தாங்கொள்ளியா நீர்?’ என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, அது என் வீரப் பருவம். பயம் இந்த வாரம்தான் ஆரம்பம்.

பலாப்பழப் பரிசோதனை

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் நெய்வேலி மைன்ஸில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறவன். மனைவி கலையரசி, எனக்குக் கலை, ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். பிள்ளைகள் வெளியூரில் மாட்டிக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவர் மட்டும்.

இரண்டாவது அலை நேரம். ஷிப்டுக்குப் பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். ஒருநாள் வேலை, ஒருநாள் வீடு. வேலையில் இருக்கும் நாள் நிம்மதியாக இருந்தேன். வீட்டில் இருக்கும் நாளில்தான் எனக்கு ஆபத்து, ஏனென்றால் யோசிக்க நேரம் கிடைத்தது.

வாசனை தெரியாமல் போனால் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஒரு பலா மரம் உண்டு. பழம் ஒன்றைப் பிளந்து பாதியை ஹாலில், டிவி பக்கத்தில் வைத்தேன். அரை மணிக்கு ஒரு தரம் போய் மோந்து பார்ப்பேன். மணம் மண்டையில் ஏறும். ‘அப்பாடா’ என்று வந்து உட்காருவேன். பிறகு ஆக்சிஜன் பார்க்கும் கருவியை விரலில் மாட்டி, வந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவேன்.

இந்த ஃபிரிட்ஜ் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடி வகுப்பு

அந்த வாரத்தில்தான் கலைக்குப் பயிற்சி வந்தது. பெண் நிருபர்களுக்கு, தொற்றுக்காலத்தில் களத்துக்குப் போய் வருவது எப்படி என்று மூன்று மதியங்கள் போனிலேயே வகுப்பு. எங்கள் வீட்டில் பலா மரத்தடியில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.

நான் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டேன். முகத்தில் இரண்டு மாஸ்க், அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. போர்வைக்கு வெளியே என் கால் தெரியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

கிருமியைக் கொல்லும் வித்தை ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாவோ வேறு ஏதேதோ பேசினார்.

“வண்டிய வெளிய போற பக்கம் பார்த்து நிறுத்துங்க. கவச உடை போட்டா நாலஞ்சு மணி நேரம் பாத்ரூம் போக முடியாது, அதுக்காகத் தண்ணி குடிக்காம இருந்து மயங்கி விழாதீங்க. மாதவிலக்கு நாளா இருந்தா ஆபீஸ்ல தைரியமா சொல்லுங்க. பேசறவங்களுக்கும் ஒரு மாஸ்க் கொண்டு போங்க. மூடின ரூம்ல பேட்டி எடுக்காதீங்க. கூட்டம் உங்களச் சுத்த ஆரம்பிச்சா செய்தி போனா போவட்டும், நீங்க கெளம்புங்க. சொந்த நம்பரை யாருக்கும் குடுக்காதீங்க. ஒரு தடவ வெளிய போச்சுன்னா அப்புறம் கண்டவனும் கூப்பிடுவான், ராத்திரி பகல்னு பாக்க மாட்டானுங்க.”

எனக்குத் தலை சுற்றியது. அன்று மாலை கேட்டேன்: “இது கொரோனா கிளாஸா, கராத்தே கிளாஸா?”

“போர்வைக்குப் பின்னாடி நின்னு கேட்டா அரைகுறையாத்தான் விளங்கும். அடுத்த தடவ சேர் போட்டு ஒக்காருங்க.”

மூன்றாம் நாள் வகுப்பில் அந்த அம்மா சொன்னதைத்தான் நான் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும்.

“எங்க போறீங்க, யாரப் பாக்கப் போறீங்கன்னு ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போங்க. அவங்க பதறுற ஆளா இருக்கக் கூடாது. புருஷனாவே இருந்தாலும், பதறுற ஆளுன்னா வேணாம்ங்க.”

கலை நிமிர்ந்து போர்வையைப் பார்த்தாள். போர்வையும் அவளைப் பார்த்தது.

எமன் போட்ட திட்டம்

பாதுகாப்பு என்றால் எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு உண்டு. மைன்ஸில் பாதுகாப்பு வாரம் வந்தால் நாடகம் போடுவோம். வருஷா வருஷம் எமன் வேஷம் எனக்கு. ஹெல்மெட் போடாதவனைப் பாசக்கயிறு போட்டு இழுப்பேன். ஒரு வருஷம் கொம்பு வைத்த கிரீடம் தலையில் நிற்கவில்லை என்று ஹெல்மெட்டில் கொம்பை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினேன். ‘எமனே ஹெல்மெட் போட்டிருக்கார்’ என்று ஒரு குக்கரைச் சிறப்புப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் குக்கர் இன்னும் விசில் அடிக்கிறது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெல்ட்டில் வேலை பார்க்க இறங்கும் முன் அதை ஓட்டும் சுவிட்சில் நம் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான், யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. மாட்டியவன் கையால்தான் கழற்ற வேண்டும். அதிகாரியே வந்தாலும் அடுத்தவன் அட்டையில் கை வைக்க முடியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டையைக் கழற்ற மறந்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். பெல்ட் நின்றது. மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். சங்கு ஊதினார்கள். செக்‌ஷன் முழுக்க டார்ச் அடித்துத் தேடியது. கடைசியில் ஜீப் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஃபோர்மேன், நான் மூன்றாவது இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

“நீ உசுரோட இருக்கறதுக்கு சந்தோசப்படறதா, அடிக்கறதான்னு தெரியலடா” என்றார்.

அன்று என் மண்டையில் ஆணியடித்த பாடம் இது: அட்டை தொங்குகிறது, ஆளைக் காணோம் என்றால் தயங்காதே. எல்லோருக்கும் சொல். ஊரைக் கூட்டு. வெட்கம் பார்த்தால் உயிர் போகும்.

மைன்ஸுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அது மைன்ஸுக்கு மட்டும்தான் சரி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லை, மரத்தடி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். போர்வைக்குப் பின்னால் நின்றதில் காதில் ஏறவில்லை.

அஞ்சலை வைத்த நிபந்தனை

பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கொரோனா வார்டாக மாற்றியிருந்தார்கள். அங்கே துப்புரவு வேலை ஒரு தனியார் காண்ட்ராக்டரிடம். கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு வாரத்துக்கு ஒரே ஒரு மாஸ்க், கையுறை கிடையாது, சமையல்கட்டுப் பக்கம் கிடந்த பிளாஸ்டிக் பையைக் கையில் கட்டிக்கொண்டு நோயாளிகளின் கழிவை அள்ளுகிறார்கள் என்று கலைக்குத் தகவல் வந்தது. சொன்னவர் அங்கேயே வேலை செய்யும் அஞ்சலை. கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள்.

அஞ்சலை போனில் பேசியதை நானும் கேட்டேன்.

“நான் சொல்றன்ம்மா, எல்லாம் சொல்றன். எம் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. வூட்டாண்ட வராத, பாத்துகினே இருப்பானுங்க. தோப்புக்கு வந்துடு.”

முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் ஒரு முந்திரித் தோப்பு. திறந்தவெளி, காற்றோட்டம், யார் கண்ணிலும் படாது. வகுப்பில் சொன்ன எல்லாவற்றுக்கும் பொருந்தியது. ஒரே குறை, உள்ளே சிக்னல் கிடைக்காது.

ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமே. கடலூர் ஆபீஸில் செய்தி ஆசிரியராக இருந்த மேரி மேடத்தைத்தான் கலை நினைத்திருந்தாள். அன்று காலை மேடத்துக்கு ஏதோ கூட்டம். பிற்பகல்தான் போனை எடுப்பார். நானோ வீட்டில் இருக்கும் நாள். கலை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வேற வழியில்ல. பதற மாட்டீங்கல்ல?”

“நானா? எமன் வேஷம் கட்டினவன்டி நான்.”

ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ‘பன்னிரண்டு மணிக்குள் கூப்பிடுவேன். கூப்பிடவில்லை என்றால் அரை மணி பொறுத்து இரண்டு முறை எனக்கு அடியுங்கள். அப்புறமும் கிடைக்கவில்லை என்றால் மேரி மேடத்துக்கு மட்டும்.’ ‘மட்டும்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

நான் என் பங்குக்கு சிவப்பு அட்டை ஒன்று செய்து, அதில் அவள் பெயரை எழுதி, சாவி மாட்டும் ஆணியில் அவளையே மாட்டச் சொன்னேன். “வந்து நீயேதான் கழட்டணும். நான் தொடவே மாட்டேன்.” சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டுக் கிளம்பினாள். ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ஒரு சாக்குப்பை இருந்தது. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது புதுச் செருப்பு.

பன்னிரண்டரை

பன்னிரண்டு ஆனது. போன் வரவில்லை. காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்ததில் பழத்தை மறந்திருந்தேன்; எழுந்து போய்க் கண்ணை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

பலாப்பழ வாசனை வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தேன். ஒன்றும் இல்லை. விரலில் கருவியை மாட்டினேன். ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததில் எண் நிற்காமல் ஓடியது. ஒரு கணம் தொண்ணூற்றேழு, மறுகணம் எழுபத்தொன்பது. இரண்டையும் எழுதித் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இடம் இல்லை. ஏதோ ஒரு தாளின் மேலேயே ஒட்டினேன்.

எனக்கு வந்துவிட்டது. அப்படியானால் அவளுக்கும் வந்திருக்கும். தோப்பில் மயங்கி விழுந்திருப்பாள். நான் இங்கே சாகக் கிடக்க, அவள் அங்கே.

பன்னிரண்டரைக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஃபிரிட்ஜைப் பார்த்தேன். என் ஆக்சிஜன் எண்கள்தான் தெரிந்தன. திரும்பினேன். ஆணியில் சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அட்டை தொங்குகிறது. ஆளைக் காணோம்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் பெர்மனென்ட், காண்ட்ராக்ட், ரிட்டயர்டு எல்லோரும் இருக்கிறார்கள். மைன்ஸில் விபத்து அறிக்கை எழுதிப் பழகிய கை. ஒரு விவரம் விடக் கூடாது.

‘அவசரம். என் மனைவி கலையரசி, நிருபர். கல்யாண மண்டப வார்டில் துப்புரவு வேலை செய்யும் அஞ்சலை என்பவரைப் பேட்டி எடுக்க முத்தாண்டிக்குப்பம் ரோடு முந்திரித் தோப்புக்குக் காலை சென்றவர் திரும்பவில்லை. பார்த்தவர்கள் கீழ்க்கண்ட எண்ணில் கூப்பிடவும்.’ என் எண்ணோடு அவள் சொந்த எண்ணையும், தீபாவளிக்கு எடுத்த போட்டோவையும் சேர்த்தேன். அனுப்பிவிட்டு, உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிறைவு கூட வந்தது. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறேன்!

பதில்கள் கொட்டின. கும்பிடும் கைகள். ஒருவர் கபசுரக் குடிநீர் போடும் முறையை அனுப்பினார். ஒருவர் சரியாகப் படிக்காமல் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றார். இன்னொருவர் நல்ல மனிதர், வடலூர்ப் பக்கத்துக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவருக்கு நன்றி சொன்னேன்.

கழற்றினாள்

ஒன்றே கால் மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். கலை வந்தாள். செருப்பைத் தானே வாசலில் விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நேராகப் போய் அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளுடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை.

“தோப்ப விட்டு ரோட்டுக்கு வந்ததும் அடிக்க ஆரம்பிச்சுது. மொத ஆளு, ‘பத்திரமா இருக்கியாம்மா’ன்னான். ரெண்டாவது ஆளு என்ன கேட்டான்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் நிறைய.”

“நான் பயந்துட்டேன் கலை. பலாப்பழ வாசனையே வரல.”

“எப்படி வரும்? டிவி பக்கத்துல இருந்த பாதிப் பழத்த அஞ்சலை புள்ளைங்களுக்கு நான்தான எடுத்துட்டுப் போனேன்.”

அந்தச் சாக்குப்பை. எனக்கு அப்போதும் முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கக்கேடு. எனக்கு வரவில்லை! சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“ரெண்டு பேரு பைக்ல தோப்புக்கே வந்துட்டானுங்க. ஒருத்தன் அந்த காண்ட்ராக்டரோட சூப்பர்வைசர். அவன் போன்ல உங்க மெசேஜ் இருந்துச்சு, என்கிட்டயே காட்டுறான். அஞ்சலை பேரையா போட்டீங்க?”

“முழு விவரம் குடுக்கணும்ல…”

“மேரி மேடத்துக்கு மட்டும்னு எழுதி ஒட்டினேனே.”

நான் ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய் என் தாளைக் கிழித்தேன். கீழே இருந்தது. இரண்டு கோடும் இருந்தது.

உடனே குழுவில் அந்தச் செய்தியை அழித்தேன். என் குழுவிலிருந்து மட்டும் அழிந்தது.

சாயங்காலம்

ஐந்து மணி வாக்கில் அஞ்சலை கூப்பிட்டார். கலை சத்தத்தைக் கூட்டி வைத்தாள், நான் கேட்க வேண்டும் என்றே.

“யம்மா, நாளையிலேருந்து வராதன்னுட்டாங்கம்மா. ஒண்ணும் எழுதிடாதம்மா, கால்ல வுழுந்தா சேத்துக்குவாங்களான்னு பாக்கறன்.” பிறகு, “இல்லம்மா. எழுது. போனது போயிடுச்சி. மத்த பொண்ணுங்க இன்னும் கையில பையக் கட்டிகினுதான் அள்ளிகினு இருக்காளுங்க. நல்லா எழுது.”

“பேரு போட மாட்டேன் அஞ்சலை.”

“இனிமே போட்டா என்னா, போடலன்னா என்னா.”

கலை பெயர் போடாமல்தான் எழுதினாள். உள்பக்கத்தில், விளம்பரத்துக்கு மேலே, சின்னதாக வந்தது. அந்த வாரமே மண்டபத்துப் பெண்களுக்குக் கையுறையும் தினம் ஒரு மாஸ்க்கும் கொடுத்தார்கள். சிம் கார்டை மாற்றினாள். அழைப்புகள் நின்றன.

பத்து நாள் கழித்து நான் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். இரண்டு மாஸ்க், கண்ணாடித் தடுப்பு, ரப்பர் கையுறை. தெருமுனையிலேயே ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்காமல் பின்வாங்கியது.

“யாரு, மருந்து அடிக்க வந்தவரா?” என்றார் அஞ்சலை.

“இல்லம்மா. அந்த மெசேஜ போட்டது நான்தான். கலையரசி வீட்டுக்காரன்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். அவர் என் கையைத்தான் பார்த்தார்.

“கிளவுசு நல்லா கெட்டியா இருக்குதே” என்றார். “எங்க வாங்கினீங்க?”

மைன்ஸில் கொடுத்தது என்று சொன்னேன். கழற்றிக் கொடுக்கலாமா, நான் போட்டதைக் கொடுப்பது தப்பா, எட்டி நின்று தூக்கிப் போட்டால் அவமானமா என்று ஒன்றும் புரியாமல் நின்றேன். கடைசியில் கையுறையோடே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

“பழம் நல்லா இருந்துதுன்னு அம்மாகிட்ட சொல்லுங்க” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கலை இப்போதும் களத்துக்குப் போகிறாள். எங்கே போகிறாள் என்று ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அந்த ஒருவர் மேரி மேடம்.

நடந்தது இவ்வளவுதான். அந்த இரண்டு அலையிலும் கலை ஒருநாள் விடாமல் வெளியே போய் வந்தாள். அவளுக்குக் கொரோனா வரவில்லை. எனக்கும் வரவில்லை. அஞ்சலையை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. அவர் இப்போது, பட்டால் கைத்தோலை உரிக்கும் எண்ணெய் கசிகிற முந்திரிக்கொட்டையை உடைக்கும் வேலைக்குப் போகிறார், கையுறை இல்லாமல்.